விழுங்கான் பள்ளத்து ஏழு தொட்டிகள்

“உச்சிப்பொழுதுக்குள்ள திரும்பிரணும். காத்து எழும்பின பெறகும் உள்ள நின்னோம்னா, நம்மளைத் தேட இன்னும் நாலு பேரு வரவேண்டியிருக்கும்,” என்றாள் சந்தனமாரி. சொல்லிவிட்டுத் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறி, மறுபடி காது மூட இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

எதிரே தேரி கிடந்தது. செக்கச்செவேலென்ற மணல், மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை. ஓரத்தில் நின்ற பனைகளில் பாதி கழுத்து வரை புதைந்திருந்தன. சிலவற்றின் கொண்டை மட்டும், இப்போதுதான் தரையில் முளைத்த செடிபோல வெளியே தெரிந்தது. நேசமலர் அந்தக் கொண்டைகளையே பார்த்தாள். முழுப் பனையையே விழுங்கிய மண், ஐந்தரை அடித் தம்பியை என்ன செய்திருக்கும்?

தம்பி பெயர் தனசிங். நேற்றுக் காலையில் இந்தத் தேரிக்குள் நடந்து போனவன் இன்னும் வரவில்லை. அப்பா அம்மா போன பிறகு நேசமலருக்கென்று மிச்சம் இருந்தது அவன் ஒருவன்தான்.

அவள் மேற்கே மலைமேல் நீர்ப்பாறை எஸ்டேட்டில் தேயிலை பறிப்பவள். தனசிங் கீழே இறங்கி லாரி செட் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். அங்கே அவனுக்கு வாய்த்த கூட்டாளிதான் சுயம்பு, சந்தனமாரியின் தம்பி. ஊர்க் கோயிலில் ஆடிக்கொடைத் திருவிழா, வா என்று அவனைத் தேரிக்கரைக்கு அழைத்து வந்தவன் அவன்தான். முந்தாநாள் ராத்திரி கறிச்சோறு தின்றுவிட்டுக் கதையும் விட்டிருக்கிறான். தேரிக்குள்ளே ஒரு கல் மண்டபம் புதைந்து கிடக்கிறது, அதற்குள் ஏழு குடம் பொன் இருக்கிறது, ஆடிக் காற்று எப்போதாவது மணலை விலக்கிக் காட்டும், பார்த்தவன் எவனும் திரும்பியதில்லை என்று. இந்தக் கதையைக் கேட்காத பிள்ளை அந்த ஊரில் கிடையாது. நம்பித் தேடப் போன பிள்ளையும் கிடையாது.

“மலைக்காரனால தேரியில ரெண்டு பர்லாங் நடக்க ஏலுமாலன்னு கேட்டேன்க்கா. சும்மா விளையாட்டுக்குத்தான் கேட்டேன். விடிஞ்சு பார்த்தா ஆளைக் காணோம்,” என்று சுயம்பு நேசமலரிடம் இதோடு நாலாவது தடவையாகச் சொன்னான். வாய் ஓயாத பயல். இன்றைக்கு இதைத் தவிர வேறு பேச்சே அவனிடம் இல்லை. தோளில் தண்ணீர் கேன், இடுப்பில் அரிவாள், கையில் கயிறு.

நேற்று முழுக்க ஊர்க்காரர்கள் தேடினார்கள். இன்று காலையில் அவர்கள் பேச்சு மாறிவிட்டது. பஸ் ஏறிப் போயிருப்பான் என்றார்கள் சிலர். மற்றவர்கள் நேசமலரின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும் மெல்ல, “ஆடியில மண்டபம் ஒரு ஆளைக் கேக்கும்,” என்றார். நேசமலர் காதில் அது விழுந்துவிட்டது. விழட்டும் என்றுதான் சொன்னாரோ என்னவோ.

மூன்று பேரும் உள்ளே இறங்கினார்கள்.

காலை வெயிலுக்கே மணல் சுட்டது. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னால் இழுத்தது. நேசமலர் நடையில் சளைத்தவள் இல்லை. முதுகில் கூடை நிறையக் கொழுந்தோடு செங்குத்துச் சரிவில் ஏறி இறங்குகிற கால்கள் அவளுடையவை. ஆனால் அங்கே காலுக்குக் கீழே பாறை இருந்தது, வேர் இருந்தது, வழுக்கினால் பிடிக்கத் தேயிலைத் தூர் இருந்தது. இங்கே பிடிக்க ஒன்றுமே இல்லை. திரும்பிப் பார்த்தாள். அவள் வைத்த கால்தடங்களின் ஓரம் அதற்குள் உதிர்ந்து மூடிக்கொண்டிருந்தது. பின்னாலேயே ஒருவன் வந்து தடயத்தை அழிப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

நேற்று மத்தியானம் சுயம்புவின் போன் வந்தபோது மலையில் விடாத மழை. இதே ஆடி மாதம்தான். தொழிலாளர் லைன் வீட்டுத் தகரக் கூரைமேல் விழும் மழையில் அவன் குரலே சரியாகக் கேட்கவில்லை. மூன்று நாளாகச் சூரியனைப் பார்க்கவில்லை, துவைத்த பாவாடை ஒன்றும் காயவில்லை, காலில் கடித்த அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு அப்படியே பஸ் ஏறினாள். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியதைக் கண்டக்டர் திட்டினார். மலையடிவாரம் தாண்டியதும் மழை நின்றது. அப்புறம் வயல், அப்புறம் பொட்டல், அப்புறம் உடைமரம். காலையில் தேரிக்கரையில் இறங்கியபோது குடையில் பொட்டு ஈரம் இல்லை. அவள் உதடு வெடித்திருந்தது. ஒரே ஒரு ராத்திரிப் பயணத்தில் வேறு உலகத்துக்கு வந்துவிட்டதுபோல் இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு இடத்திலும் வீசுவது ஒரே காற்றுதான். மேற்குக் கடலிலிருந்து கிளம்பும் காற்று நீர்ப்பாறையில் வந்து முட்டும். சுமந்து வந்த தண்ணீரையெல்லாம் அங்கேயே கொட்டிவிடும். பிறகு கணவாய் வழியாக வெறுங்கையோடு சமவெளியில் இறங்கும். கொடுக்க ஒன்றும் இல்லாதவன் இருப்பதைப் பிடுங்கத்தானே செய்வான்? வழியில் உள்ள ஈரத்தையெல்லாம் உறிஞ்சி, மண்ணை அள்ளிக்கொண்டு வந்து தேரியில் மேடு போடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று எல்லா ஊரிலும் பேச்சுக்குச் சொல்வார்கள். தேரிக்கரைக்காரர்கள் அதைச் சொல்லும்போது சிரிப்பதில்லை.

ஒரு பனையின் நிழலில் மூவரும் உட்கார்ந்தார்கள். சுயம்பு கேனை நீட்டினான். நேசமலர் வாங்கி இரண்டு வாய் குடித்தாள். மூன்றாவது வாயில் கொப்பளித்துத் துப்பினாள். உள்ளங்கையில் தாராளமாக ஊற்றி முகத்தில் அடித்துக் கழுவினாள். மலையில் வேலைக்கு நடுவே எந்த ஓடையிலும் செய்வதுதான், யோசித்துச் செய்ததில்லை.  நிமிர்ந்தபோது சந்தனமாரியும் சுயம்புவும் தண்ணீர் விழுந்த மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அதற்குள் காய்ந்துவிட்டது.

“மூடி வையி பிள்ள,” என்றாள் சந்தனமாரி.  இரண்டு திட்டுத் திட்டியிருந்தால்கூட நேசமலருக்கு இத்தனை கூசியிருக்காது.

அவர்கள் பனை பனையாகப் பார்த்துக்கொண்டே போனார்கள். தேரியில் வழி தப்பினவனுக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. அலையக் கூடாது. இருக்கிற மேட்டிலேயே உயர்ந்த மேடாகப் பார்த்து ஏறி, அங்குள்ள பனையில் தோள்துண்டைக் கட்டிவிட்டு, அடியில் குந்திவிட வேண்டும். தேடுகிறவனும் பள்ளத்தைப் பார்க்கமாட்டான், பனையைத்தான் பார்ப்பான். ஆடு மேய்க்கிற சந்தனமாரி அப்படி இரண்டு பேரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்திருக்கிறாள். ஊர்க்காரர்கள் நேற்றுத் தேடியதும் இப்படித்தான். எந்தப் பனையிலும் துண்டு இல்லை.

கொல்லாமரம் என்கிற முந்திரிப் புதர் ஒன்றைத் தாண்டும்போது சுயம்பு சட்டென்று நின்றான். கிளை ஒன்றில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில் செருகியிருந்தது. மூடி இறுக்கித் திருகியிருந்தது. உள்ளே கால்வாசித் தண்ணீர்.

“இது எங்க வீட்டுப் பாட்டில்,” என்றான்.  “ஏக்கா, தண்ணி இருக்குக்கா உள்ள. தண்ணியை யாராவது விட்டுட்டுப் போவானா?”

சந்தனமாரி பாட்டிலை வாங்கி ஆட்டிப் பார்த்தாள். அவள் முகம் இருண்டது. ஆட்டுக்காரிக்கு அதன் அர்த்தம் ஒன்றுதான். வெயில் மூளைக்கு ஏறினவன்தான் தண்ணீரை வீசுவான், அப்புறம் சட்டையைக் கழற்றுவான், அப்புறம் விழுந்து கிடப்பான். அதை அந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று அவள் தவித்தாள்.

“பிள்ள, மனசைக் கல்லாக்கிக்கோ. வெயிலு தலைக்கு ஏறினவன்தான்...” என்று ஆரம்பித்தாள்.

“அவனுக்குப் பைத்தியம் புடிக்கலக்கா,” என்றாள் நேசமலர்.

அவள் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீசி எறிந்த பாட்டில் இல்லை இது. பத்திரமாகக் கிளையில் செருகிய பாட்டில். மலையில் யார் தண்ணீரைச் சுமந்துகொண்டு நடக்கிறார்கள்? ஓடைச் சத்தம் கேட்டதும் பாட்டிலைக் கிளையில் மாட்டிவிட்டுப் போவார்கள், திரும்பும்போது எடுத்துக்கொள்ள. அவளே எத்தனை தடவை செய்திருக்கிறாள். தனசிங் இங்கே நின்று எதையோ பார்த்திருக்கிறான். தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்று நம்பியிருக்கிறான்.

“இங்கிருந்து பார்த்தா பச்சையா ஏதாவது தெரியுமா? பள்ளத்துல?”

அக்காளும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சுயம்புவின் கை தானாகக் கிழக்கே நீண்டு, பாதியில் மடங்கியது.

“அது விழுங்கான் பள்ளம்க்கா,” என்றான்.

தேரியிலேயே ஆழமான குழி அது. அடியில் கொல்லாமரமும் தாழையுமாக ஒரு பச்சைத் திட்டு உண்டு. ஆடு மேய்ப்பவர்கள் ஆட்டைக்கூட அந்தப் பக்கம் விடுவதில்லை. மேற்குக் கரை சுவர்போல் நிற்கும் பொடிமணல், தொட்டால் சரியும். இறங்கின ஆடு மேலே வந்ததில்லை என்பதால் அந்தப் பெயர்.

“அங்க தண்ணி கெடையாது பிள்ள,” என்றாள் சந்தனமாரி. “மரத்துக்கு வேரு அம்பது அடி போவுது, குடிக்குது. நம்ம கை அம்பது அடி போவுமா? தெரிஞ்சவன் எவனும் அங்க போகமாட்டான்.”

“அவன் தெரியாதவன்க்கா.” நேசமலர் பனைகளின் பக்கம் கையை நீட்டினாள். “நேத்துலேர்ந்து நீங்க எல்லாரும், நீங்க வழி தப்பினா எங்க போவீங்களோ அங்கதான் தேடுறீங்க. எங்க ஊருல வழி தப்பினவன் மேட்டுல ஏறமாட்டான். மேல போனா மூடுபனி, ஆனை. கீழதான் எறங்குவான். எறங்கினா ஓடை வரும், ஓடையோட போனா ஆறு வரும், ஆத்தோட போனா லைன் வீடு வரும். ‘தண்ணி போற வழி போ’ன்னு எங்க அப்பா சொல்லிச் சொல்லி வளத்தாரு. அவன் எறங்கியிருக்கான்க்கா. எனக்குத் தெரியும்.”

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். தனசிங் ஆழம் தெரிந்துதான் காலை விட்டிருக்கிறான், ஆனால் அவனுக்குத் தெரிந்தது வேறொரு ஊரின் ஆழம்.

சந்தனமாரி வானத்தைப் பார்த்தாள். சூரியன் தலைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. திரும்ப வேண்டிய நேரம். மேற்கே அடிவானத்தில் மெல்லிய செம்புழுதி கிளம்பியிருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

“பேய்க்கு வாழ்க்கைப்பட்டா புளியமரத்துல ஏறித்தான் ஆவணும்,” என்று முணுமுணுத்தபடி கிழக்கே நடந்தாள்.

பள்ளத்தின் விளிம்பை அடையும்போதே காற்று வந்துவிட்டது. முதலில் கணுக்கால் உயரத்தில் மணல் ஓடியது, சிவப்புப் பாம்புகள் போல, ஆயிரக்கணக்கில். பிறகு முழங்கால் உயரம். பிறகு வானமே சிவந்து போய், பத்தடி தள்ளி நின்ற சுயம்பு மறைந்தான். மணல் முகத்தில் அறைந்தது, பல்லில் நறநறத்தது. எங்கிருந்தோ ஒரு முனகல் சத்தம் கிளம்பி நீண்டுகொண்டே போனது. மண்டபம் ஆள் கேட்கிறது என்று ஊர் சொல்வது இதைத்தானோ என்று நேசமலருக்கு உடம்பு சிலிர்த்தது.

“குந்துங்க, எல்லாரும் குந்துங்க. துண்டைப் போத்திக்கிடுங்க. அடங்குற வரை அசையக் கூடாது,” என்று சந்தனமாரி கத்தினாள். தேரிக்காரர்களுக்குக் கண்தான் எல்லாம். கண் போய்விட்டால் அவர்கள் நகரமாட்டார்கள்.

நேசமலருக்குக் கண் தெரியாமல் இருப்பது பழக்கமான சங்கதி. ஆடி மாதத்து நீர்ப்பாறையில் நீட்டிய கை தெரியாது, அடுத்த வரிசையில் கொழுந்து பறிப்பவள் தெரியமாட்டாள். அதற்காக யாரும் வேலையை நிறுத்துவதில்லை. கூவிக்கொள்வார்கள். அவள் விளிம்பில் மண்டியிட்டு, கைகளை வாயருகே குவித்து, மலையில் கூவுவதுபோல அடிவயிற்றிலிருந்து கூவினாள். ஒரு நீளக் கூவல், ஒரு குட்டைக் கூவல். பிறகு மூச்சை அடக்கிக் காதைக் கொடுத்தாள்.

காற்றின் முனகல் மட்டும்.

மறுபடி கூவினாள். மறுபடியும். தொண்டையில் மணல் போய் இருமல் வந்தது. நான்காவது தடவை கூவிவிட்டு, காது தரையில் படக் குனிந்தபோது, கீழே எங்கோ ஒரு சத்தம். டக், டக். கல்லில் கல் தட்டும் சத்தம். சற்று இடைவெளி. மறுபடி டக், டக்.

மலையில் கூவலுக்குப் பதில் சொல்ல மூச்சில்லாதவர்கள் கல்லைத் தட்டுவார்கள். இந்த மணல் கடலில் கல் ஏது, யார் தட்டுவது என்று அவள் யோசிக்கவே இல்லை.  எழுந்து சத்தம் வந்த பக்கம் பாய்ந்தாள்.

அவள் பின்னல் கொத்தாகப் பிடிபட்டது. சந்தனமாரி அவளைப் பின்னால் இழுத்துக் கீழே தள்ளினாள்.

“இந்தப் பக்கம் எறங்கினா அவன்மேலதான் மண்ணு சரியும். காத்து முட்டுற பக்கம் மண்ணு உறைஞ்சு கெடக்கும், காத்துக்கு மறைஞ்ச பக்கம் பொடியாக் கெடக்கும். நாம நிக்குதது பொடியில. சுத்திப் போயி கெழக்குக் கரையில எறங்கணும்.”

“அங்க உசுரு இருக்குக்கா. கேட்டேன்.”

“நானும் கேட்டேன். அது இருக்கணும்னுதான் சொல்லுதேன்.”

சுற்றிப் போன நேரம் நேசமலருக்கு யுகமாக இருந்தது. மூவரும் கயிற்றில் கோத்துக்கொண்டு, கண்ணை இடுக்கி நடந்தார்கள். இப்போது முன்னால் நடந்தது நேசமலர். அவள் கூவினாள், நின்றாள், கேட்டாள், நடந்தாள். வழியில் பாதி புதைந்த பனைகளின் கொண்டையிலிருந்து சுயம்பு மட்டைகளை ஓலையோடு வெட்டி ஒரு கட்டாகக் கட்டி இழுத்து வந்தான். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. தட்டும் சத்தமும் காற்றும் ஒரே பக்கமிருந்து வந்தபோது கிழக்குக் கரையில் இறங்கினார்கள். அங்கே மணல் கெட்டியாக, கால் புதையாமல் தாங்கியது.

பள்ளத்தின் அடியில் காற்று குறைவு. சிவப்பு மங்கலில் முதலில் தாழம்புதர் தெரிந்தது. அதற்கு அப்பால், மணலிலிருந்து இடுப்புயரத்துக்கு எழும்பிய நான்கு கல்தூண்கள். அவற்றின்மேல் சாய்ந்த ஒரு கல்பலகை. சுயம்பு வாயைப் பிளந்து நின்றுவிட்டான். சின்ன வயதிலிருந்து கேட்ட மண்டபம், யாருமே இறங்காத பள்ளத்தில், யாருமே பார்க்காமல், காற்று திறந்து வைத்திருந்தது.

பலகைக்கு அடியில் தனசிங் கிடந்தான். இடுப்பு வரை மணல். உதடு கறுத்து, முகம் முழுக்கச் செம்மண் அப்பி, கண் இரண்டு மட்டும் தெரிந்தது. கையில் ஒரு கல். அக்காள் பக்கத்தில் வந்து விழுந்த பிறகும் அவன் கை அந்தக் கல்லைத் தூணில் தட்டிக்கொண்டே இருந்தது. அவள் அதைப் பிடித்து நிறுத்த வேண்டியிருந்தது.

“பச்சையா இருந்துச்சுக்கா,” என்றான். குரலாகவே இல்லை. “ஓடை இருக்கும்னு...”

“பேசாதடா. பேசாத.”

ஓடை இல்லை என்றானதும் வந்த வழியே மேற்குச் சரிவில் ஏறப் பார்த்திருக்கிறான். சரிவு மொத்தமாக இறங்கி, அவனை மண்டபத்துக்குள் தள்ளி, காலைப் புதைத்துவிட்டது. நேற்று மத்தியானத்திலிருந்து அப்படியே கிடக்கிறான்.

பாட்டிலில் இருந்ததையும் கேனில் மிச்சம் இருந்ததையும் சந்தனமாரி சொட்டுச் சொட்டாக அவன் வாயில் விட்டாள். கேன் சீக்கிரமே காலியானது. அவன் இன்னும் வாயைத் திறந்தபடி காத்திருந்தான். காலையில் முகம் கழுவிய தண்ணீர் நேசமலருக்கு நினைவு வந்தது. அந்த ஒரு கை தண்ணீருக்காகத் தன் கழுத்தை அறுத்துக் கொடுக்கலாம் போல் இருந்தது அவளுக்கு.  சந்தனமாரி காலிக் கேனை மூடி வைத்தாள், அவ்வளவுதான்.

நேசமலர் இரண்டு கையாலும் மணலைத் தோண்ட ஆரம்பித்தாள். தோண்டத் தோண்ட மேலிருந்து அதைவிட அதிகமாக வந்து நிரம்பியது.

“அப்பிடித் தோண்டினா விடிய விடியத் தோண்டலாம். தள்ளுங்கக்கா,” என்றான் சுயம்பு. மட்டைகளைத் தனசிங்கின் இரண்டு பக்கமும் வரிசையாக மணலில் செருகினான், ஓலையும் ஓலையும் பின்னிக்கொள்ளும்படி. வேலி போட்டதுபோல் ஆயிற்று. அந்த வேலிக்குள் இருந்த மணலை மட்டும் சந்தனமாரி கேனைப் பாதியாக அறுத்து மொண்டு மொண்டு வெளியே கொட்டினாள். தேரிக்கரையில் கிணறு தோண்டுகிறவர்கள் செய்வது அதுதான். தொடை தெரிந்தது. முழங்கால் தெரிந்தது. மேலே மேற்குக் கரையின் விளிம்பிலிருந்து மணல் கோடு கோடாக ஒழுக ஆரம்பித்திருந்தது. சந்தனமாரி ஒவ்வொரு தடவை மொள்ளும்போதும் ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டாள்.

“ஒரு காலு வந்துட்டு. இழு பிள்ள. கக்கத்துல கை குடுத்து இழு.”

தனசிங் அலறினான். வலியில் அலறுகிற அளவு உயிர் இருக்கிறதே என்று நேசமலருக்குச் சந்தோஷமாக இருந்தது. கால் இரண்டும் வெளியே வந்தன. அவனைத் தூண்களுக்கு வெளியே இழுத்துப் போட்டபோதுதான் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள். சுயம்பு மண்டபத்துக்குள்ளேயே நின்றிருந்தான்.

அவனுக்கு முன்னால், பலகைக்கு அடியில், வட்டமான கல்தொட்டி வாய்கள் மணலில் வரிசையாகத் தெரிந்தன. ஏழு.

“ஏழு குடம்,” என்றான் சுயம்பு. அவன் முகமே மாறிவிட்டது. முழங்கை வரை ஒன்றுக்குள் விட்டுத் துழாவினான். மணல். இன்னும் ஆழமாக, தோள் வரை விட்டான்.

“ஏல, வெளிய வால. கரை எறங்குது.”

“ஒரு நிமிசம்க்கா. அடியில என்னமோ...”

சந்தனமாரி இரண்டே எட்டில் உள்ளே போனாள். தம்பியின் தலைமுடியைப் பிடித்து, சின்ன வயதில் கம்மாயிலிருந்து இழுத்து வந்ததுபோல, வெளியே இழுத்தாள். அவன் கையில் ஒரு பிடி மணல் இருந்தது. அப்போதுதான் மேற்குக் கரை உடைந்தது. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை, யாரோ மூட்டை மூட்டையாகத் தவிடு கொட்டுவதுபோல் ஒரு ஓசை மட்டும். முதலில் தொட்டிகள் நிரம்பின. பிறகு பலகை. பிறகு தூண்கள். தனசிங்கின் இரண்டு கையையும் ஆளுக்கொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு அவர்கள் கிழக்குக் கரையில் கெட்டி மணலில் ஏறினார்கள். முதுகுக்குப் பின்னால் காற்று தள்ளிக்கொண்டே இருந்தது. உச்சியில் நின்று பார்த்தபோது கீழே மண்டபமும் இல்லை, தாழம்புதரும் இல்லை. சிவப்பாக, வழுவழுவென்று, ஒன்றுமே நடக்காததுபோல் மணல் கிடந்தது.

சுயம்பு கையை விரித்து மணலை உதறினான். “போச்சு. பொன்னு எல்லாம் போச்சு.”

“பொன்னு இல்லடா அது,” என்றான் தனசிங். தொங்கிக்கொண்டு வந்தவன் வாயிலிருந்து முதல் முழு வாக்கியம் அது. “ராத்திரி பூரா தடவித் தடவிப் பாத்தேன். கைக்கு எட்டின தொட்டியிலயெல்லாம் வாய்க்கல்லு ஒரே எடத்துல தேஞ்சு வழவழன்னு இருக்கு. செம்பை விட்டு மொண்டு மொண்டு தேஞ்சிருக்கு. தங்கத்தை யாருடா செம்பால மொண்டு குடுப்பாங்க? அது தண்ணிப்பந்தல். இந்த வழியா நடந்து போனவங்களுக்கு வச்சது.”

 சுயம்பு பள்ளத்தைத் திரும்பிப் பார்த்தான், பிறகு அக்காள் இடுக்கியிருந்த அறுத்த கேனைப் பார்த்தான்.

ஊர் எல்லையில் கூட்டம் நின்றது. மண்டபம் ஆளைக் கேட்கும் என்று சொன்ன டீக்கடைக்காரர்தான் முதல் ஆளாகத் தண்ணீர்க் குடத்தோடு ஓடி வந்தார். நேசமலர் தம்பியைக் குடிக்க வைத்தாள். பிறகு தன் பங்கை வாங்கிக் குடித்தாள், ஒரு சொட்டு கீழே சிந்தாமல்.

தனசிங்கின் கால் எலும்பில் சின்ன விரிசல்தான். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். அவனை மலைக்குக் கொண்டுபோய் விட சந்தனமாரியும் சுயம்புவும் கூடவே வந்தார்கள். சந்தனமாரி மலை ஏறியது அதுதான் முதல் தடவை. ஜீப் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பத் திரும்ப அவள் வாய்க்குள் சாமி பெயரைச் சொல்லிக்கொண்டே வந்தாள். பாதி வழியில் மழை பிடித்தது.

அது விட்டதும் ஓர் ஓடையருகே ஜீப்பை நிறுத்த, சுயம்பு அதில் இறங்கி, நடுவில் இருந்த அகலமான பாறையைப் பார்த்து, “இதுல படுத்துக் கெடந்தா சொர்க்கம்ல,” என்று துண்டை விரிக்கப் போனான். ஜீப்புக்குள்ளிருந்து தனசிங் கத்தினான். “டேய், மேல மழை பெய்யுது. தண்ணி சொல்லாம வரும். ஏறி வாடா. தேரியில நான் யாரையும் கேக்காம எறங்கினேன். இங்க நான் சொல்றதையாவது நீ கேளு.” சுயம்பு முணுமுணுத்துக்கொண்டே ஏறி வந்தான். அவன் செருப்பை மாட்டுவதற்குள் அந்தப் பாறைமேல் தண்ணீர் ஏறி ஓடியது. வந்த இடத்து மண்ணைக் கேட்டுத்தான் காலை வைக்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் அப்புறம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

லைன் வீட்டில் எல்லோரும் கட்டன் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சந்தனமாரியால் உட்கார முடியவில்லை. தகரக் கூரையின் விளிம்பிலிருந்து தண்ணீர் திரையாகக் கொட்டி, சாக்கடையில் விழுந்து, சரிவில் இறங்கி வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், டீயைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள். எழுந்து போய்ச் சமையல்கட்டில் இருந்த குடத்தை எடுத்து வந்து கூரைக்கு அடியில் வைத்தாள். அது நிறைந்ததும் அண்டாவை வைத்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நேசமலர் சிரிக்கவில்லை. உள்ளே போய் மிச்சம் இருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்து வந்து வரிசையாக வைத்தாள். குண்டான், வாளி, கெட்டில், தம்ளர். எல்லாம் நிரம்பி வழிந்தன. பிறகு ஒரு செம்பில் நிறைய மொண்டு, இரண்டு கையாலும் சந்தனமாரியிடம் நீட்டினாள்.

“மூஞ்சி கழுவிக்கோங்கக்கா.”

சந்தனமாரி செம்பை வாங்கினாள். கொஞ்ச நேரம் உள்ளே பார்த்துக்கொண்டே நின்றாள். பழக்கம் விடவில்லை, முதலில் பாதியைக் குடித்தாள். மீதிப் பாதியை உள்ளங்கையில் ஊற்றி முகத்தில் அடித்துக்கொண்டாள். கன்னத்தில் வழிந்தது காதோரம் மிச்சம் இருந்த தேரிச் செம்மண்ணையும் கரைத்துக்கொண்டு நீர்ப்பாறை மண்ணில் விழுந்தது. அவள் செம்பை மறுபடி நீட்டினாள்.

“இன்னும் ஒரு செம்பு ஊத்து பிள்ள,” என்றாள்.